வீட்டுக்கு மதிப்பெண் போடாத ஓர் ஏஐ கருவி

கட்டப்போகும் வீடு சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு உகந்தது என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லும் ஏஐ கருவி ஒன்று வேண்டும். தர்மபுரியில் இருக்கும் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகம் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். கடைசியில் நாங்கள் செய்து கொடுத்தது மதிப்பெண்ணே போடாத ஒன்று. அதையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள், இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஏன் அப்படி ஆனது என்பதையும், இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவக்கூடிய சில விஷயங்களையும் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. மென்பொருள் வேலை. கட்டடத் துறையில் எனக்கு இருந்த அனுபவம், எங்கள் வீடு கட்டும்போது மேஸ்திரியோடு வாக்குவாதம் செய்தது மட்டும்தான். இதில் இருக்கும் கட்டட அறிவெல்லாம் அந்த அலுவலகத்து மேடமும், அவருக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்து கொடுக்கும் இன்ஜினியரும் கொடுத்தது.

முதலில் விதிமுறைகளைப் படித்தோம். கிரிஹா, ஐஜிபிசி, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சியின் எட்ஜ் என்று பசுமைக் கட்டடத் தரச்சான்றுகள் பல உண்டு. சட்டத்தின் பக்கம் பார்த்தால் வணிகக் கட்டடங்களுக்கு ஈசிபிசி என்ற மின்சிக்கன விதிமுறை, வீடுகளுக்கு அதே மாதிரி 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா. எங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது. ஆனால் 2018 பதிப்பின்படி அது 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்ட்டும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் பொருந்தும். பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ வீடு கட்ட வருகிறவர் கையில் வைத்திருப்பது மூன்று சென்ட், மிஞ்சினால் ஐந்து சென்ட். ஆக, எங்கள் கருவி கணக்குப் போடப்போவது எந்தச் சட்டமும் கேட்காத ஒன்றுக்கு. வீட்டுக்காரர் மனசு வைத்தால்தான் நடக்கும். "உங்கள் வீட்டுக்கு 64 மதிப்பெண்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பையனுடைய ரேங்க் கார்டைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

மதிப்பெண் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னதற்கு இன்னொரு காரணம், அந்த விதிமுறையின் அமைப்பு. அதில் முக்கியமான எண் ஆர்இடிவி. வெளிச்சுவர் வழியாகவும் சன்னல் வழியாகவும் வீட்டுக்குள் வரும் வெப்பத்தை, சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று சொல்வது. நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு அது 15-க்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் கூரை கிடையாது. கூரைக்குத் தனியாக ஒரு வரம்பு: யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது. யு மதிப்பு குறையக் குறைய வெப்பம் உள்ளே வருவது குறையும். அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இந்தப் பிரிப்பு சரிதான், பெரும்பாலான வீடுகளுக்கு அங்கே சொந்தக் கூரையே இல்லை. தரைத்தளம் மட்டும் உள்ள தர்மபுரி வீட்டில் கதை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் வீட்டைச் சுட வைப்பது மொட்டை மாடி. ஐந்து அங்குல ஆர்சிசி தளத்தின் யு மதிப்பு 3-க்கு மேல் இருக்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தாலும் 2-க்குக் கீழே இறங்குவது கஷ்டம். சுவரும் சன்னலும் ஜோராகத் தேறிவிட்ட ஒரு வீட்டில் இரவு பதினொரு மணிக்கும் ஃபேன் சூடான காற்றை வீசிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால், எதைச் சரிசெய்ய வேண்டுமோ அதுதான் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகும்.

சரி, மதிப்பெண் இல்லை என்றால் கருவி என்னதான் சொல்லும்? இன்னும் மாற்ற முடிந்த முடிவுகள் எவை, அவற்றை மாற்றினால் வெப்பம், செலவு, கார்பன் (பொருளைத் தயாரிக்கும்போதும் மின்சாரத்தாலும் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு) ஆகியவை எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லும். தெரியாததைக் கேள்வியாகக் கேட்கும். அவ்வளவுதான்.

இதில் ஏஐக்கு எங்கே வேலை என்று பலர் கேட்டார்கள். கணக்குக்கு ஏஐ வேண்டியதில்லை. ஆர்இடிவி சூத்திரம் ஓர் எக்செல் தாளில் அடங்கிவிடும். ஆனால் அந்தத் தாளை யாரும் நிரப்ப மாட்டார்கள். ஒவ்வொரு சுவரின் திசை, பரப்பு, ஒவ்வொரு சன்னலின் அகல உயரம், அதன் மேலே சன்ஷேடு எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பதிய வேண்டும். இரண்டு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் அதற்கு யாருக்கு நேரம்? ஏஐ அங்கேதான் உட்கார வேண்டும். பிளானைப் படிப்பது, எஸ்டிமேட்டைப் படிப்பது, புரியாததைக் கேட்பது.

பிளான் எங்களுக்கு மூன்று விதமாக வந்தது. ஆட்டோகேட் கோப்பு, வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப், அப்புறம் பிரிண்ட் எடுத்து அதன்மேல் பேனாவால் திருத்திப் போனில் எடுத்த படம். மூன்றாவதைத் தள்ளிவிடலாம் என்று தோன்றும், தள்ளக் கூடாது. வீட்டுக்காரரும் ஆர்க்கிடெக்ட்டும் கடைசியாக ஒத்துக்கொண்ட மாற்றம் அந்தப் பேனாக் கோட்டில்தான் இருக்கும். ஆட்டோகேட் கோப்பு ஒரு வாரம் பழசாக இருக்கும்.

படத்தைப் படிக்கும் மாடல்கள் அடி, அங்குலக் குறிகளில் தடுமாறுகின்றன. 10 அடி 6 அங்குலம் என்று எழுதியிருப்பதை 106 என்று படிக்கும். இதற்கு நாங்கள் வைத்த காவல் எளிமையானது: ஒரு வரிசையில் உள்ள அறைகளின் அகலத்தையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால் வீட்டின் வெளி அளவு வர வேண்டும். வராவிட்டால் கருவி மேலே போகாது, எந்த அளவில் சந்தேகம் என்று அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டிக் கேட்கும். மாடலை இன்னும் பெரிதாக்குவதைவிட இந்த மாதிரிக் கூட்டல் சோதனைகள் பல மடங்கு பலன் தந்தன.

வடக்கு எது என்பது இன்னொரு தலைவலி. நிறைய பிளான்களில் அம்புக்குறியே இருக்காது. "ரோடு" என்று ஒரு பக்கம் எழுதியிருக்கும், "கிழக்கு பார்த்த வீடு" என்று வாயால் சொல்வார்கள். மனையோ இருபது டிகிரி திரும்பியிருக்கும். திசை தெரியாமல் வெயில் கணக்குப் போட முடியாது. அதனால் மனையின் இடத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லி, சாலையின் கோணத்தை வைத்துத் திசையை எடுத்து, ஆர்க்கிடெக்ட் சரி என்று அழுத்திய பிறகே அடுத்த படி.

எஸ்டிமேட்டில் அளவுகள் நம் ஊர்க் கணக்கில் இருக்கும். ஜல்லியும் எம் சாண்டும் யூனிட்டில், அதாவது 100 கன அடி, 2.83 கன மீட்டர். தளம் சதுரத்தில், 100 சதுர அடி. சிமெண்ட் மூட்டையில், கம்பி டன்னில், செங்கல் லோடில். லோடு என்றால் எவ்வளவு என்பது லாரியைப் பொறுத்தது, அதனால் அதை மட்டும் எப்போதும் கேட்க வேண்டும். "செங்கல்" என்று மட்டும் எழுதியிருந்தாலும் கேட்க வேண்டும். நாட்டுச் சூளைக் கல்லா, சேம்பர் கல்லா, மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல்லா என்பதைப் பொறுத்து எரிபொருள் வேறு, எடை வேறு, கார்பன் கணக்கும் வேறு. மாடலைத் தன்போக்கில் விட்டால் அதற்குத் தெரிந்த ஏதோ ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டுக்கொள்ளும். அந்தத் துணிச்சலை அடக்குவதுதான் எங்கள் வேலையில் பாதி.

மொழி மாடலிடம் கூட்டல் பெருக்கலைக் கொடுக்கவே இல்லை. அது படித்துத் தருவது ஓர் அட்டவணை. அந்த அட்டவணையைச் சாதாரண நிரல் வாங்கிக் கணக்குப் போடும். விதிமுறையைப் பற்றி ஒரு வரி சொன்னால், அந்த விதியின் மூல வாசகம் பக்கத்திலேயே திறக்க வேண்டும். வாசகம் கிடைக்கவில்லை என்றால் கருவி அந்த வரியைச் சொல்லாது. ஒவ்வொரு எண்ணையும் தொட்டால் அது பிளானில் எங்கிருந்து வந்தது, அல்லது எந்தத் தரவுத்தளத்திலிருந்து வந்தது என்று தெரியும். கார்பன் அளவுகளுக்கு 2017-இல் ஐஎஃப்சி வெளியிட்ட இந்தியக் கட்டுமானப் பொருள் தரவுத்தளத்தை அடிப்படையாக எடுத்தோம். பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகத்தில் உருவான ஐஸ் தரவுத்தளம் விரிவானதுதான், ஆனால் அங்கே செங்கல் சுடும் முறை வேறு, இங்கே விறகு போட்டுச் சுடும் சூளை வேறு. அந்த எண்ணை இந்தச் சூளைக்கு ஒட்டக் கூடாது.

இன்னொன்று, பிளானின் ஓரத்தில் வீட்டுக்காரர் பெயர், சர்வே எண், போன் நம்பர் எல்லாம் இருக்கும். வெளி சர்வரில் ஓடும் மாடலுக்கு அனுப்பும் முன் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள். சின்ன வேலை, பலர் செய்வதில்லை.

இனி, கருவி வந்த பிறகு அலுவலகத்தில் அதிகம் பேசப்பட்ட கணக்கைச் சொல்கிறேன். 1,000 சதுர அடி வீட்டுக்கு நம் பக்கம் கைக்கணக்கு: சிமெண்ட் சுமார் 400 மூட்டை, கம்பி சுமார் 4 டன். ஓபிசி, அதாவது ஃபிளை ஆஷ் கலக்காத சாதாரண சிமெண்ட், ஒரு மூட்டைக்கு ஏறத்தாழ 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 400 மூட்டைக்கு 17 டன் பக்கம். கம்பி டன்னுக்கு 2.3 என்று வைத்தால் 9 டன். இரண்டும் சேர்ந்து 26 டன். இப்போது மின்சாரம். ஏசி இல்லாத குடும்பம், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்றால் வருடத்துக்கு 1,800 யூனிட். நாட்டின் மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. வருடத்துக்கு ஒன்றேகால் டன். அதாவது அந்தக் குடும்பம் குடிவரும் முன்பே, இருபது வருட மின்சாரத்துக்குச் சமமான கார்பன் சிமெண்ட்டாகவும் கம்பியாகவும் போய்விட்டது.

இந்த எண் திரையில் வந்த அன்று பேச்சு சன்னலை விட்டு ஸ்ட்ரக்சருக்குத் தாவியது. பசுமைக் கட்டடம் என்றால் எல்லோருக்கும் எல்இடி பல்பும் சோலாரும் நினைவுக்கு வருகின்றன. பெரிய ஏசி அலுவலகத்துக்கு அது சரி. ஏசி போடாத சின்ன வீட்டில் கணக்கு தலைகீழ். தேவைக்கு மேல் போட்ட பில்லர், பயத்துக்காகக் கூட்டிய கம்பி, எங்கேயும் ஓபிசி 53 கிரேடு என்ற பழக்கம், இவைதான் பெரிய கார்பன் செலவு. முதல் ஸ்கெட்ச் போடும்போதே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மேசைக்கு வர வேண்டும் என்று மேடம் அப்போதுதான் முடிவெடுத்தார். அதற்கு முன் பிளான் முடிந்த பிறகு அவருக்கு அனுப்புவது வழக்கம்.

ஓபிசிக்குப் பதில் பிபிசி சிமெண்ட் போட்டால் என்ன? அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃபிளை ஆஷ். மூட்டைக்கு 30 கிலோ பக்கம் இறங்கும், 400 மூட்டைக்கு ஏறத்தாழ 5 டன் மிச்சம். விலையும் கூடுதல் இல்லை. கருவி இதைத்தான் முதல் ஆலோசனையாகக் காட்டியது. கான்ட்ராக்டர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், பூச்சுக்குப் பிபிசி போடுறோம், ஒண்ணுமில்ல. ரூஃப் கான்கிரீட்டுக்குப் போட்டா சென்ட்ரிங் பிரிக்க நாள் ஆகும். ஷீட் வாடகையை யார் கொடுப்பாங்க?" அவர் சொன்னது நியாயம். ஃபிளை ஆஷ் கலந்த கான்கிரீட்டின் தொடக்க வலு மெதுவாகத்தான் ஏறும், முட்டுகளைக் கூடுதல் நாள் விட்டுவைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துவதும் கூடுதல் நாள். இப்போது கருவி அந்த ஆலோசனைக்குக் கீழேயே கூடுதல் சென்ட்ரிங் நாட்களையும் வாடகையையும் காட்டும். கடைக்காலுக்கும் பேஸ்மெண்ட்டுக்கும் பூச்சுக்கும் பிபிசி, தளத்துக்கு மட்டும் கால அட்டவணையைப் பார்த்து முடிவு என்று பிரித்துக் காட்டும். எந்த ஆலோசனையாக இருந்தாலும் சைட்டில் அதற்கு மறுப்புச் சொல்லப்போகிறவர் யார், அவர் என்ன சொல்வார் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால் கருவியிலேயே உருப்படியான கட்டம் அதுதான்.

எலிப்பொறிக் கட்டு என்று ஒரு சுவர் முறை உண்டு, லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் கேரளத்தில் பரப்பியது. செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது, கால்வாசிச் செங்கல் மிச்சம். கருவி அதையும் சொல்லும். ஆனால் இங்கே அதைக் கட்டத் தெரிந்த மேஸ்திரி கிடைப்பது அபூர்வம், அதனால் பட்டியலில் கடைசியில் நிற்கிறது.

வானிலைத் தரவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெப்பக் கணக்குக்கு ஒரு வருடத்தின் 8,760 மணி நேரத்துக்குமான வானிலைக் கோப்பு தேவை. நம் பக்கத்து ஆட்கள் கையில் எப்போதும் இருப்பது பெங்களூர்க் கோப்பு, பக்கத்து ஊர் என்பதால். ஓசூருக்கு அது பொருந்தும், இரண்டும் 900 மீட்டர் உயரத்தை ஒட்டியவை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகத் தர்மபுரிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் இறங்கினால் உயரம் 470 மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. உயரத்தால் மட்டுமே இரண்டரை, மூன்று டிகிரி வித்தியாசம். ஓசூரில் சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்ற ஆலோசனை தர்மபுரியில் மே மாதப் பகலில் தப்பாகிவிடும். மாவட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள், மனையின் உயரத்தைக் கேளுங்கள்.

கல் சுவரும் எங்களை நிறைய யோசிக்க வைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்காரர் ஒருவர் தன் பழைய வீட்டைப் போலவே ஒன்றரை அடிக் கல் சுவர் வேண்டும் என்றார். யு மதிப்பை மட்டும் பார்த்தால் அந்தச் சுவர் தோற்றுவிடும். இரண்டு பக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு 2 பக்கம், கருங்கல் வெப்பத்தை எளிதாகக் கடத்துவதால் ஒன்றரை அடியிலும் 3-ஐ ஒட்டி. காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான ஏஏசி பிளாக் 0.8-க்குக் கீழே. ஆனால் அந்தப் பழைய வீட்டுக்குள் மதியம் இரண்டு மணிக்குப் போனவர்களுக்குத் தெரியும், குளுகுளுவென்று இருக்கும். கனமான சுவர் பகல் வெப்பத்தை விழுங்கி, பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். யு மதிப்பு இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மணிக்கு மணி கணக்குப் போடும் எனர்ஜிபிளஸ் மாதிரியான மென்பொருள் எடுக்கும்.

எனர்ஜிபிளஸை ஒவ்வொரு முறையும் ஓட்டினால் ஆர்க்கிடெக்ட் காத்திருக்க மாட்டார். அதனால் சுவர், கூரை, சன்னல், சன்ஷேடு, திசை ஆகியவற்றின் ஆயிரக்கணக்கான கலவைகளை முன்கூட்டியே ஓட்டி, அந்த விடைகளை வைத்து ஒரு சின்ன மாடலைப் பயிற்றுவித்தோம். சன்ஷேடை ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடிக்கு இழுத்தால் அறை வெப்பம் உடனே மாறிக் காட்டும். பயிற்சியில் இல்லாத வடிவம் வந்தால், உதாரணத்துக்கு நடுமுற்றம் வைத்த வீடு, அது தானாக ஊகிக்காமல் முழுக் கணக்கை ஓட்டச் சொல்லும். இந்த எல்லைக்கோடு இல்லாமல் இப்படிப்பட்ட மாடலை வெளியே விடக் கூடாது. கல் சுவரைப் பொறுத்தவரை விடை இப்படி வந்தது: பகலில் புழங்கும் கூடத்துக்கு நல்லது, இரவில் தூங்கும் மேற்கு அறைக்கு நல்லதல்ல. வீட்டுக்காரர் கூடத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மேற்கு அறை என்றதும் வாஸ்து வந்துவிடும். பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்க வேண்டும் என்பது இங்கே ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் விதி. மாலை வெயில் முழுவதும் விழும் மூலை அது. கருவி "படுக்கையறையை வடகிழக்குக்கு மாற்றுங்கள்" என்று ஒரே ஒரு முறை சொன்னாலும் வீட்டுக்காரர் அதற்கப்புறம் அது சொல்லும் எதையும் கேட்க மாட்டார். அதனால் தொடக்கத்திலேயே ஆர்க்கிடெக்ட் "மாற்றக் கூடாதவை" என்று டிக் செய்துவிடுவார். கன்னி மூலைப் படுக்கையறை, அக்னி மூலைச் சமையலறை, ஈசானியத்தில் சம்ப். அதற்கு உட்பட்டுத்தான் கருவி யோசிக்கும்: மேற்குச் சுவரில் சன்னலைக் குறைத்துத் தெற்கில் வை, மேற்குப் பக்கம் அலமாரியை ஒட்டிக் கட்டு, வெளியே ஒரு வேம்பு, அந்தச் சுவருக்கு மட்டும் ஏஏசி பிளாக். வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை.

சன்னலில் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் தருகிறது. இப்போது எல்லோரும் யுபிவிசி ஸ்லைடிங் சன்னல் போடுகிறார்கள். இரண்டு கதவு ஸ்லைடிங் என்றால் பாதிதான் திறக்கும், பழைய மரச் சன்னல் போலக் கீல் வைத்தது ஏறக்குறைய முழுசாகத் திறக்கும். சம்ஹிதாவும் அதை 50 சதவீதம், 90 சதவீதம் என்றுதான் கணக்கெடுக்கிறது. பிளானில் 4-க்கு 4 என்று இருக்கும், காற்று வரும் வழியோ 2-க்கு 4. கருவி ஒவ்வொரு சன்னலுக்கும் திறக்கும் விதத்தைக் கேட்கும். கேட்ட உடனேயே சிலர் மாற்றிக்கொள்கிறார்கள், கணக்குகூடத் தேவைப்படவில்லை.

வீட்டுக்காரருக்குக் காட்டும் பக்கத்தில் கார்பன் டன்கணக்கு கீழே போய்விட்டது. மேலே இருப்பது ஈபி பில். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறிவிடும். அதனால் 540 யூனிட் வரும் வீட்டில் 50 யூனிட் குறைப்பதும், 300 யூனிட் வரும் வீட்டில் 50 யூனிட் குறைப்பதும் ஒன்றல்ல. "யூனிட்டுக்கு இத்தனை ரூபாய்" என்று சராசரி போட்டுக் காட்டும் கருவிகள் இந்த இடத்தில் பொய் சொல்கின்றன. "சோலார் போட்டுட்டா போதாதா?" என்று நிச்சயம் கேட்பார்கள். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கும்போது கேட்கத்தான் செய்வார்கள். போடலாம், பில் குறையும். பேனல் மூடும் இடத்தில் தளத்துக்கு நிழலும் கிடைக்கும். மீதித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சோ கூல் ரூஃப் டைல்ஸோ வேண்டும் என்பதையும், வெள்ளைப் பூச்சு தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுகிறோம்.

தண்ணீர்ப் பகுதியை எங்கிருந்தும் கடன் வாங்க முடியவில்லை. தரச்சான்று முறைகளில் பெரும்பாலும் எத்தனை லிட்டர் மிச்சம் என்பதே முதல் கேள்வி. தர்மபுரியில் முதல் கேள்வி அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பழைய பிரச்சினை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்றாலும், பல வீடுகளில் அது குழியில் விடும் ஒரு குழாயோடு முடிந்துவிடுகிறது. 1,000 சதுர அடி மாடியில் வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் மழை என்றால், வீணாவது போக 60 ஆயிரம் லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். அதில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை. நிலத்தில் விட்டுப் பிறகு போரில் எடுத்து ஆர்ஓ மெஷினில் ஊற்றி, பெரும்பகுதியைக் கழிவாக விடுவதைவிட, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை வடிகட்டிச் சமையலுக்கும் குடிக்கவும் தனித் தொட்டியில் சேமிப்பது மேல். கருவி போர் தண்ணீர்ச் சோதனை முடிவைக் கேட்கும். 1-க்கு மேல் இருந்தால் தொட்டிக்கான இடத்தைப் பிளானிலேயே ஒதுக்கச் சொல்லும். வீடு கட்டிய பிறகு அந்த இடம் கிடைக்காது.

கருவி சொல்வது சரியா என்று பார்க்க, குடிவந்துவிட்ட சில வீடுகளில் கூடத்திலும் படுக்கையறையிலும் விலை குறைந்த வெப்பநிலைப் பதிவிகளைக் கோடை முழுவதும் வைத்தோம். பகல் அளவுகள் நன்றாகவே ஒத்துப்போயின. இரவில் கருவி சொன்னதைவிட அறைகள் சூடாக இருந்தன. இரவில் சன்னல் திறந்திருக்கும் என்று நாங்கள் வைத்திருந்த அனுமானம்தான் இடித்தது. கொசு, திருட்டு பயம், தெரு நாய்ச் சத்தம், எல்லாம் சேர்ந்து பத்து மணிக்கெல்லாம் சன்னல் மூடிவிடும். இப்போது கொசுவலை உண்டா, கம்பி உண்டா, தரைத்தளமா என்று கேட்டுத்தான் இரவுக் காற்றைக் கணக்கில் சேர்க்கிறது. இந்த மாதிரி விவரம் எந்த மாடலுக்குள்ளும் தானாக வந்துவிடாது, பதிவியை வைத்து, வீட்டில் இருப்பவர்களிடம் பேசினால்தான் வரும்.

இடையில் ஓசூர்ப் பக்கம் மனை விற்கும் ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். விளம்பரத் தாளில் போட ஐந்து இலைக் குறியோடு "பசுமை வீடு" என்று ஒரு சான்று வேண்டும், கருவியில் அந்தப் பொத்தானை மட்டும் சேர்த்துக் கொடுங்கள், நல்ல தொகை தருகிறோம் என்றார்கள். மேடம் மறுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், தொகை உண்மையிலேயே நல்ல தொகை. ஆனால் அந்தப் பொத்தான் வந்துவிட்டால் மற்றக் கேள்விகளை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

இன்னும் சரியாக வராத இடம் கம்பி. சிமெண்ட்டுக்கு மூட்டையிலேயே வகை அச்சாகியிருக்கிறது, செங்கல்லுக்குச் சூளையைப் போய்ப் பார்த்துவிடலாம். கம்பி நிலக்கரியில் உருக்கிய இரும்பிலிருந்து வந்ததா, பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கி வந்ததா என்பதைப் பொறுத்துக் கணக்கு வெகுவாக மாறும். கடைக்காரரிடம் கேட்டால் பிராண்டையும் அன்றைய விலையையும் சொல்வார், ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டால் வலுவும் வேதியியல் அளவும் இருக்கும், கார்பன் இருக்காது. 2024 டிசம்பரில் மத்திய உருக்கு அமைச்சகம் பசுமை உருக்குக்கு வரையறை வெளியிட்டு, ஒரு டன் உருக்குக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு 2.2 டன்னுக்குக் குறைவாக இருந்தால்தான் பசுமைத் தரம் என்று சொல்லியிருக்கிறது. அந்த விவரம் பில்லில் அச்சாகி வரும்வரை, எங்கள் கருவி கம்பி வரிசையில் ஒற்றை எண் போடாமல் ஒரு வீச்சைத்தான் காட்டும். பக்கத்தில் ஆர்க்கிடெக்ட் கடைக்காரருக்கு அனுப்பத் தயாராக, ஆலையின் பெயரும் உலையின் வகையும் கேட்டுத் தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தியையும் எழுதி வைத்திருக்கும். இதுவரை சில கடைக்காரர்கள் பதில் போட்டிருக்கிறார்கள்.